ஹிஸ்டோன் குறிகளைப் படிக்க ஆன்டிபாடி: தேர்விலிருந்து தரவு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதங்கள்தான் ஹிஸ்டோன்கள். அவற்றில் ஒன்றான எச்3-இன் வாலில் 9ஆவது இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம், 27ஆவது இடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் முன்னால் அலனின், ஆர்ஜினின், பின்னால் செரின். அக்கம்பக்கத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆனால் 9இல் மூன்று மெத்தில் (இப்படி ஏறும் சிறு வேதிக் குழுக்களைத்தான் குறி என்கிறோம்) ஏறினால் அது இறுகப் பூட்டிய ஹெட்டரோகுரோமாட்டினின் அடையாளம். 27இல் ஏறினால் பாலிகோம்ப் புரதங்கள் அடக்கி வைத்திருக்கிற, சமயம் வந்தால் திறக்கக்கூடிய வளர்ச்சி ஜீன்களின் அடையாளம். ஒரு முயலின் உடலில் உருவான ஆன்டிபாடி இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்குமா?

சில ஆன்டிபாடிகள் பார்க்கும், சில பார்க்காது. டியூபின் லேபிளைப் படித்து எது எப்படி என்று சொல்லிவிட முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் ஆன்டிபாடியைச் சோதிப்பதற்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். சோதனைமுறைகளின் செய்முறை எங்கும் கிடைக்கிறது. மூன்று மாத வேலை வீணாகும்போது பெரும்பாலும் காரணம் செய்முறையில் இருப்பதில்லை, ஆன்டிபாடியில் இருக்கிறது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கே என்பது லைசின், மீ என்பது மெத்தில், ஏசி என்பது அசிட்டைல். எச்3 ஹிஸ்டோனின் 27ஆவது லைசினில் மூன்று மெத்தில் இருந்தால் எச்3கே27மீ3. இனி எச்3-ஐ விட்டுவிட்டு கே27மீ3 என்றே எழுதுகிறேன். ஆய்வகப் பேச்சிலும் அப்படித்தான்.

எந்தக் குறி, என்ன கேள்வி

எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஒவ்வொன்றிலும் இரண்டு. ஆக எட்டு புரதங்களைச் சுற்றி ஏறக்குறைய 147 கார இணை டிஎன்ஏ. இதுதான் ஒரு நியூக்ளியோசோம். இவை வரிசையாகக் கோத்த டிஎன்ஏதான் குரோமாட்டின். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால்களில்தான் பெரும்பாலான குறிகள் ஏறுகின்றன. அசிட்டைல் ஏறுவதற்கும் ஆர்என்ஏ உருவாவதற்கும் தொடர்பு உண்டு என்று வின்சென்ட் ஆல்ஃப்ரியின் குழு 1964இலேயே சொல்லிவிட்டது. ஆனால் எந்த லைசின், எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்ட நல்ல ஆன்டிபாடிகள் வரவேண்டியிருந்தது. 1992இல் பிரையன் டர்னரின் குழு எச்4-இன் 16ஆவது லைசினில் ஏறும் அசிட்டைலுக்கான ஆன்டிபாடியைப் பழ ஈயின் பெரிய குரோமோசோம்கள் மேல் போட்டுப் பார்த்தபோது, ஆண் ஈயின் எக்ஸ் குரோமோசோம் மட்டும் தனியாக ஒளிர்ந்தது. நுண்ணோக்கியில் அதை முதலில் பார்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

இன்று அதிகம் தேடப்படும் குறிகள் கைவிரல்களில் எண்ணக்கூடியவையே. கே4மீ3 ஜீன்களின் தொடக்கத்தில் கூர்மையான சிகரமாக நிற்கும். கே4மீ1 என்ஹான்சர்களில் (ஜீன்களைத் தூண்டிவிடும் டிஎன்ஏ பகுதிகள்) இருக்கும். அதோடு கே27ஏசியும் சேர்ந்தால் அந்த என்ஹான்சர் வேலை செய்கிறது என்று கொள்ளலாம். கே36மீ3 படியெடுக்கப்படும் ஜீனின் உடல் முழுக்கப் பரவியிருக்கும். கே27மீ3, கே9மீ3 இரண்டும் அடக்கும் குறிகள், அகலமாகப் பரவுபவை. ஒரு குறி கூர்மையா, அகலமா என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எத்தனை ரீட் (சீக்வென்சிங்கில் படிக்கும் டிஎன்ஏ துண்டு) வாங்குவது, எந்த மென்பொருளை ஓட்டுவது எல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

கேள்வியும் முறையைத் தீர்மானிக்கும். செல் முழுவதிலும் ஒரு குறி கூடியதா குறைந்ததா என்றால் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் பார்ப்பது) போதும். எந்தச் செல்லில், நியூக்ளியஸின் எந்த மூலையில் என்றால் இம்யூனோஃப்ளூரசன்ஸ் (ஆன்டிபாடியை ஒளிரவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது). ஜீனோமில் எந்த இடத்தில் என்றால் சிப் (உடைத்த குரோமாட்டினை ஆன்டிபாடியால் பிடித்தெடுத்து, கூட வந்த டிஎன்ஏவைப் பார்ப்பது), பின்னால் வரும் கட் அண்ட் ரன், கட் அண்ட் டேக். வெஸ்டர்னில் தீரும் கேள்விக்கு சீக்வென்சிங் வரை போகிறவர்கள் உண்டு. நானும் போயிருக்கிறேன்.

ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுத்தல்

கடைகளில் கிடைப்பவை மூன்று வகை. பாலிகுளோனல் என்பது ஒரு விலங்கின் ரத்தத்தில் இருக்கும் பல ஆன்டிபாடிகளின் கலவை. வலுவாகப் பிடிக்கும், ஆனால் அந்த விலங்கோடு அதன் கதை முடிந்தது. அடுத்த லாட் (தயாரிப்புத் தொகுதி) வேறு விலங்கு, வேறு கலவை. மோனோகுளோனல் ஒரே செல்வழியிலிருந்து வருவது. ரீகாம்பினன்ட் வகையில் ஆன்டிபாடியின் ஜீன் வரிசையே கையில் இருப்பதால் லாட்டுக்கு லாட் மாறுதல் மிகக் குறைவு. வாய்ப்பிருந்தால் ரீகாம்பினன்ட்டையே எடுங்கள். புகழ்பெற்ற பழைய பாலிகுளோனல்களில் அருமையானவை இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் இன்று நீங்கள் வாங்குவது ஆய்வுக்கட்டுரையில் வந்த அதே லாட் இல்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. கே4மீ1-க்கு ஒரு பாலிகுளோனலை ஒரு வருடத்துக்கு மேல் நிம்மதியாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். டியூப் தீர்ந்தது, அதே கேட்டலாக் எண்ணில் புதிது வந்தது. அடுத்த தரவில் என்ஹான்சர்களோடு சேர்ந்து ஜீன் தொடக்கங்களும் பளிச்சென்று எழுந்து நின்றன. உயிரியலில் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று இரண்டு வாரம் குதித்தோம். பெப்டைடு (ஹிஸ்டோன் வாலைப் போலச் செய்த சிறு துண்டு) வைத்துச் சோதித்தபோது விஷயம் வெளிச்சமானது: புது லாட் கே4மீ3-யையும் ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட கலப்பு ஏன் இவ்வளவு சேதம் செய்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. செல்லில் கே4மீ3 குறைவு, கே4மீ1 அதைவிடப் பல மடங்கு. இருபது மடங்கு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கே4மீ3 ஆன்டிபாடி கே4மீ1-ஐ வெறும் 5 சதவீத வலுவில்தான் பிடிக்கிறது. கேட்டால் நல்ல ஆன்டிபாடி போலத்தான் இருக்கிறது. ஆனால் 20 மடங்கை 5 சதவீதத்தால் பெருக்கினால் 1. அதாவது மொத்தப் பிடியில் பாதி தவறான குறியிலிருந்து வருகிறது. அரிய குறியைத் தேடும்போது சிறிய கலப்புகூடப் பெரிதாகிவிடும்.

விஷயம் என்னோடு மட்டும் நிற்கவில்லை. 2011இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 57 ஹிஸ்டோன் குறிகளுக்கான 200க்கும் மேற்பட்ட ஆன்டிபாடிகளைச் சோதித்தார்கள். நாலில் ஒன்றுக்கு மேல் டாட் பிளாட்டிலோ (மெம்பிரேனில் புள்ளி வைத்துப் பார்க்கும் சோதனை) வெஸ்டர்னிலோ தோற்றன. அதில் தேறியவற்றிலும் 20 சதவீதத்துக்கு மேல் சிப்பில் வேலை செய்யவில்லை.

வாங்குவதற்கு முன் டேட்டாஷீட்டில் இவற்றைத் தேடுங்கள்: உங்கள் லாட்டுக்கான சோதனைத் தரவு உண்டா, நீங்கள் செய்யப்போகும் அதே முறையில் சோதித்தார்களா, பக்கத்துக் குறிகளோடு ஒப்பிட்டார்களா. வெறும் ஒரு வெஸ்டர்ன் படம் மட்டும் இருந்தால் அதைச் சிப்புக்கு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெஸ்டர்னில் புரதம் விரிந்து கிடக்கிறது. சிப்பில் நியூக்ளியோசோமாகச் சுருண்டு, ஃபார்மால்டிஹைடில் ஒட்டிக் கிடக்கிறது.

வந்த டியூபைச் சோதித்தல்

முதலில் பெப்டைடு டாட் பிளாட். குறியில்லாத பெப்டைடு, மீ1, மீ2, மீ3, அப்புறம் ஒத்த வரிசையுள்ள வேறு இடங்கள் (கே27-க்கு கே9 கட்டாயம்) எல்லாவற்றையும் மெம்பிரேனில் அளவு குறைத்துக் குறைத்துப் புள்ளி வையுங்கள். ஒரே நாளில் முடியும் வேலை. மோசமான ஆன்டிபாடி இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இங்கே தேறியது மற்ற இடத்திலும் தேறும் என்று மட்டும் நினைக்காதீர்கள். பெப்டைடில் சுத்தமாக இருந்த ஆன்டிபாடிகள் நியூக்ளியோசோம் மேல் வேறு மாதிரி நடந்துகொண்டதை கே4 குறிகளை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் இப்போது பார்கோடு போட்ட நியூக்ளியோசோம்களைச் சிப்பிலேயே கலக்கும் வழக்கம் வந்திருக்கிறது. ஒவ்வொரு குறிக்கும் தனி டிஎன்ஏ பார்கோடு. கடைசியில் எந்தப் பார்கோடு எவ்வளவு மேலே வந்தது என்று எண்ணினால், ஆன்டிபாடி உண்மையில் எதைப் பிடித்தது என்பது எண்ணாகவே கிடைத்துவிடும். கையில் பணம் இருந்தால் நான் முதலில் செலவழிப்பது இதற்குத்தான்.

அடுத்தது செல்லுக்குள் குறியை அழித்துப் பார்ப்பது. என் பார்வையில் எல்லாவற்றிலும் நம்பகமானது இது. கே27மீ3-க்கு, அந்தக் குறியை எழுதும் நொதியான ஈஇசட்ஹெச்2-இன் தடுப்பான டாசெமெட்டோஸ்டாட்டில் செல்களை வளர்க்கலாம். அவசரப்படாதீர்கள்: மருந்து புதிய மெத்தில் ஏறுவதைத்தான் நிறுத்துகிறது, பழைய குறி பெரும்பாலும் செல் பிரியப் பிரியத்தான் கரையும், நாலைந்து நாள் பிடிக்கும். அசிட்டைல் குறிகளுக்கு எதிர்த்திசை. அசிட்டைலை நீக்கும் நொதிகளைத் தடுக்கும் டிரைகோஸ்டாட்டின் ஏ கொடுத்தால் சில மணி நேரத்தில் சிக்னல் ஏற வேண்டும். 79ஆவது லைசினின் மெத்திலுக்குப் பாலூட்டிகளில் டாட்1எல் என்ற நொதி ஒன்றே எழுதுகோல், அதனால் அதை நீக்கிய செல் நல்ல ஒப்பீடு. குறி போன பிறகும் பட்டை அசையாமல் நின்றால் அந்த டியூபைத் திருப்பி அனுப்புங்கள்.

பக்கத்துக் குறி மறைப்பதையும் கவனிக்க வேண்டும். 9ஆவது லைசினுக்கு அடுத்ததே 10ஆவது செரின். செல் பிரியும்போது அதில் பாஸ்பேட் ஏறும். அப்போது சில கே9மீ3 ஆன்டிபாடிகளுக்கு மீ3 இருந்தும் தெரியாது. மைட்டோசிஸில் கே9மீ3 காணாமல் போகிறது என்று எழுதுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். எச்4 அசிட்டைல் ஆன்டிபாடிகளில் சில, ஒரு இடத்துக்கானவை என்று விற்கப்பட்டாலும் வால் முழுக்க அசிட்டைல் ஏறியதையே விரும்பிப் பிடிக்கும்.

வெஸ்டர்ன்: சிறிய புரதம், தனி கவனிப்பு

ஹிஸ்டோன்கள் காரத்தன்மை மிகுந்தவை, அதனால் அமிலத்தில் கரையும். மற்றவை பெரும்பாலும் கரையாது. நியூக்ளியஸ்களைப் பிரித்து 0.2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 4 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால் ஹிஸ்டோன்கள் மேல்நீரில் வந்துவிடும். அசிட்டைல் பார்க்கிறீர்கள் என்றால் தொடக்கத்திலிருந்தே எல்லாக் கரைசலிலும் 5 மில்லிமோலார் சோடியம் பியூட்டிரேட் போடுங்கள். இல்லையென்றால் டீஅசிட்டைலேஸ் நொதிகள் நீங்கள் பிப்பெட் எடுக்கும் நேரத்தில் குறியைச் சாப்பிட்டுவிடும்.

15 சதவீத ஜெல், 0.2 மைக்ரான் மெம்பிரேன். 0.45 மைக்ரானில் இவ்வளவு சிறிய புரதம் ஊடுருவிப் போய்விடலாம். எச்3 ஏறக்குறைய 15 முதல் 17 கிலோடால்டனிலும் எச்4 11இலும் தெரியும். லோடிங் கன்ட்ரோலாக ஆக்டின் வைப்பது இங்கே அர்த்தமில்லாதது, அமிலச் சாற்றில் ஆக்டினை நம்ப முடியாது. மொத்த எச்3-ஐத்தான் வைக்க வேண்டும். கூடவே ஒரு பாதையில் பாக்டீரியாவில் தயாரித்த எச்3-ஐ ஓட்டுங்கள். அதில் குறி எதுவும் கிடையாது, அதனால் அங்கே பட்டை வந்தால் ஆன்டிபாடி வெறும் எச்3-யைப் பார்க்கிறது என்று பொருள்.

சிப்: படிப்படியாக

புரதத்தையும் டிஎன்ஏவையும் ஒன்றோடொன்று ஒட்டவைக்க, செல்கள் வளரும் ஊடகத்திலேயே 1 சதவீத ஃபார்மால்டிஹைடு, அறை வெப்பத்தில் 10 நிமிடம். 125 மில்லிமோலார் கிளைசின் 5 நிமிடம் போட்டு நிறுத்துங்கள். நேரத்தைக் கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள். அதிகமாக ஒட்டினால் குரோமாட்டின் உடையாது, ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய இடமும் மறையும். லைசின்தான் ஃபார்மால்டிஹைடு விரும்பி ஒட்டும் இடங்களில் ஒன்று என்பதை மறக்க வேண்டாம்.

உண்மையில் ஹிஸ்டோன்கள் டிஎன்ஏவோடு இறுக்கமாகவே இருப்பதால் ஒட்டாமலும் செய்யலாம். மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸ் கொண்டு நியூக்ளியோசோம்களாக வெட்டும் நேட்டிவ் சிப் அதுதான். ஹிஸ்டோன் குறிக்கு மட்டும் என்றால் எனக்கு இதுவே பிடிக்கும். பின்னணி குறைவு, ஆன்டிபாடிக்கும் குறி சுத்தமாகத் தெரியும்.

ஒட்டியிருந்தால் சோனிகேஷன் (ஒலி அலையால் உடைப்பது). 200 முதல் 500 கார இணை வரை துண்டுகள் வேண்டும். பனிக்கட்டியில் வைத்து, இடைவெளி விட்டு விட்டு. கொஞ்சம் எடுத்து ஒட்டை அவிழ்த்து ஜெல்லில் ஓட்டிப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒட்டை அவிழ்க்காத குரோமாட்டினை ஓட்டினால் ஜெல் பொய் சொல்லும்.

ஒரு பத்து லட்சம் செல்களின் குரோமாட்டினுக்கு 2 முதல் 5 மைக்ரோகிராம் ஆன்டிபாடி என்பது தொடக்கக் கணக்கு. சரியான அளவு ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் வேறு, 0.5, 1, 2, 5 என்று போட்டுப் பார்த்துத்தான் தெரியும். அதிகம் போட்டால் நல்லது என்ற எண்ணம் இங்கே எதிராக வேலை செய்யும்: நல்ல குறி தீர்ந்ததும் மிச்ச ஆன்டிபாடி பக்கத்துக் குறிகளைத் தேடிப் போகும். இதில் குரோமாட்டின் அளவும் எல்லா மாதிரியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆன்டிபாடி போடுவதற்கு முன் 1 சதவீதத்தை இன்புட் என்று தனியே எடுத்துவையுங்கள். இதை மறந்தவர்கள் ஒரு முறைதான் மறப்பார்கள்.

4 டிகிரியில் இரவு முழுக்கச் சுழலவிட்டு, மறுநாள் புரோட்டீன் ஏ அல்லது ஜி காந்த பீட்ஸ். முயல் ஆன்டிபாடியை ஏ நன்றாகப் பிடிக்கும். எலியின் ஐஜிஜி1 என்றால் ஜி வேண்டும். 150 மில்லிமோலார் உப்பு, 500 மில்லிமோலார் உப்பு, 250 மில்லிமோலார் லித்தியம் குளோரைடு, கடைசியில் டிஇ பஃபர் என்று கழுவுங்கள். நடுவில் ஒரு தடவை டியூபை மாற்றினால் சுவரில் ஒட்டிய குப்பை விலகும். 1 சதவீத எஸ்டிஎஸ்ஸில் இறக்கி, 65 டிகிரியில் இரவு முழுக்க வைத்து ஒட்டை அவிழ்த்து, ஆர்என்ஏஸ், புரோட்டீனேஸ் கே போட்டு டிஎன்ஏவைச் சுத்தம் செய்யுங்கள். இன்புட்டையும் கூடவே கொண்டுபோக வேண்டும்.

சீக்வென்சிங்குக்கு அனுப்புமுன் க்யூபிசிஆர் (ஓரிடத்தின் டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது). இன்புட் 1 சதவீதம் என்றால் அதன் சிடியிலிருந்து (சிக்னல் தெரியத் தொடங்கும் சுழற்சி எண்) 6.64 கழியுங்கள், 100-க்கு இரண்டின் அடுக்கு அவ்வளவு. இன்புட் சிடி 26 என்றால் 19.36. கே4மீ3 சிப்பின் சிடி 24 என்றால் வித்தியாசம் 4.64, இன்புட்டில் 4 சதவீதம் மேலே வந்திருக்கிறது. எந்தக் குறியையும் தேடாத சாதா ஆன்டிபாடியான ஐஜிஜியின் சிடி 31 என்றால் 0.03 சதவீதம். இந்த இடைவெளி இருந்தால் துணிந்து அனுப்பலாம். இடங்களைத் தேர்வதில் கஞ்சத்தனம் வேண்டாம். கே4மீ3-க்கு, எப்போதும் வேலை செய்யும் ஜிஏபிடிஹெச் ஜீனின் புரோமோட்டர் (தொடக்கப் பகுதி) இருக்க வேண்டிய இடம், ஜீனே இல்லாத பாலைவனப் பகுதி இருக்கக் கூடாத இடம். கே27மீ3-க்கு, தசையல்லாத செல்களில், மயோடி1 போன்ற அடங்கிய வளர்ச்சி ஜீன்கள். இரண்டு குறிக்கும் எதிரெதிர் இடங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

ஐஜிஜி ஒப்பீடு பீட்ஸின் ஒட்டலை மட்டுமே சொல்லும், ஆன்டிபாடி எந்தக் குறியைப் பிடித்தது என்பதைச் சொல்லாது. கூடவே மொத்த எச்3 சிப் ஒன்றும் வைத்துக்கொண்டால், ஓரிடத்தில் குறி குறைந்ததா, நியூக்ளியோசோமே இல்லையா என்பதும் பிரியும்.

செல்கள் குறைவென்றால்: கட் அண்ட் ரன், கட் அண்ட் டேக்

2017இல் ஹெனிகாஃப் ஆய்வகத்திலிருந்து கட் அண்ட் ரன் வந்தது, 2019இல் கட் அண்ட் டேக். யோசனை எளியது: குரோமாட்டினை உடைத்து ஆன்டிபாடியிடம் கொண்டுபோவதற்குப் பதில், ஆன்டிபாடியை உள்ளே அனுப்பி, அது உட்கார்ந்த இடத்திலேயே வெட்டுவது. முன்னதில் புரோட்டீன் ஏ-யோடு இணைத்த நியூக்ளியேஸ், கால்சியம் கொடுத்தால் 0 டிகிரியில் வெட்டும். பின்னதில் டிஎன்5 டிரான்ஸ்போசேஸ், மெக்னீசியம் கொடுத்தால் 37 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் வெட்டி, சீக்வென்சிங்குக்கு வேண்டிய அடாப்டரையும் ஒட்டிவிடும்.

செல்களை கான்கனவலின் ஏ பீட்ஸில் பிடித்து, டிஜிடோனின் கொண்டு துளை போட்டு, ஆன்டிபாடியை 1:50 அல்லது 1:100இல் 4 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். டிஜிடோனின் அளவை உங்கள் செல்லுக்கு நீங்களே டிரிபான் புளூ (துளைபட்ட செல்லுக்குள் மட்டும் ஏறும் சாயம்) வைத்துச் சரிபார்க்க வேண்டும். கட் அண்ட் டேக்கில் இரண்டாம் ஆன்டிபாடி சிக்னலைப் பெருக்கும். அதில் 300 மில்லிமோலார் உப்பில் கழுவுவதைக் குறைக்காதீர்கள். டிஎன்5 தானாகவே திறந்த குரோமாட்டினை விரும்பும். உப்பு குறைந்தால் கே27மீ3 தரவில்கூட வேலை செய்யும் புரோமோட்டர்கள் தலைகாட்டும். அது ஆன்டிபாடியின் குற்றம் என்று நினைத்து ஆன்டிபாடியை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

சிப்பில் தேறிய ஆன்டிபாடி இங்கே தேறும் என்ற உறுதியும் இல்லை, மறுதலையும் இல்லை. முதல் ஓட்டத்தில் எப்போதும் கே27மீ3-ஐ ஒரு டியூபில் வைத்துக்கொள்ளுங்கள். அது தாராளமாக இருக்கும் குறி. அதிலேயே நியூக்ளியோசோம் ஏணி (ஒன்று, இரண்டு, மூன்று நியூக்ளியோசோம் நீளத்தில் வரும் டிஎன்ஏ துண்டுகள்) தெரியவில்லை என்றால் கோளாறு ஆன்டிபாடிக்கு முந்தைய படியில்.

இம்யூனோஃப்ளூரசன்ஸ்

4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு, டிரைட்டன், பிளாக்கிங், இரண்டு ஆன்டிபாடிகள்: செய்முறையில் புதிதாக ஒன்றும் இல்லை. இதன் அழகு, ஒப்பீடு படத்துக்குள்ளேயே இருப்பது. பெண் செல்களில் அடங்கிய எக்ஸ் குரோமோசோம் கே27மீ3-க்கு ஒரு பளிச்சிடும் திட்டாகத் தெரியும். எலி செல்களில் கே9மீ3, டிஎன்ஏ சாயமான டாப்பி பளிச்சிடும் குரோமோசென்டர்கள் (இறுகிய ஹெட்டரோகுரோமாட்டின் திட்டுகள்) மேலேயே உட்காரும். செரின் 10 பாஸ்பேட் பிரியும் செல்களில் மட்டும் எரியும்.

இந்த உள் ஒப்பீடு நோயறிதலிலும் உதவுகிறது, அங்கே ஒளிர்வுக்குப் பதில் பழுப்புச் சாயம். சில மூளைக் கட்டிகளில் எச்3-இன் 27ஆவது லைசின் மெத்தியோனினாக மாறியிருப்பது 2012இல் தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வகைப்பாட்டில் அது தனி நோயாகவே இடம்பெற்றது. அந்தக் கட்டிச் செல்கள் கே27மீ3 சாயத்தை இழந்திருக்கும், ஆனால் அதே துண்டில் ரத்தக்குழாய்ச் செல்களின் நியூக்ளியஸ்கள் பழுப்பாகத் தெரிய வேண்டும். அவையும் வெளுத்திருந்தால் குறி போகவில்லை, சாயம்தான் ஏறவில்லை.

சீக்வென்சிங்குக்குப் பிறகு

என்கோட் திட்டத்தின் அளவுகோலில் கூர்மையான குறிக்கு ஒவ்வொரு ரெப்ளிகேட்டுக்கும் 2 கோடி பயன்படக்கூடிய துண்டுகள், அகலமான குறிக்கு 4.5 கோடி. கட் அண்ட் டேக்குக்கு அதில் ஒரு பங்கே போதும், பின்னணி குறைவு. சிகரங்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருளான மேக்ஸ்2 ஓட்டினால் அகலக் குறிக்கு அதன் பிராட் தெரிவை மறக்காதீர்கள். மறந்தால் ஒரே கே27மீ3 பரப்பு ஐம்பது சில்லுகளாக உடைந்து வரும். கே9மீ3 திரும்பத் திரும்ப வரும் வரிசைகளில் அதிகம், அதனால் ரீட்களில் பெரும்பங்கு ஒரே இடத்தில் பொருந்தாமல் போகும். பதற வேண்டாம்.

மோசமான பொறி நார்மலைசேஷனில் (மாதிரிகளை ஒரே அளவுக்குச் சமப்படுத்துவது) இருக்கிறது. ஈஇசட்ஹெச்2 தடுப்பான் கொடுத்து கே27மீ3 எல்லா இடத்திலும் பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும், இரண்டு லைப்ரரியையும் (சீக்வென்சிங்குக்குத் தயாரித்த டிஎன்ஏ) 2 கோடி ரீட்டுக்குச் சமப்படுத்தினால் படம் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். வெஸ்டர்னில் பட்டை இல்லை, ஜீனோம் பிரவுசரில் சிகரம் அப்படியே! இதற்காகத்தான் எல்லா மாதிரியிலும் ஒரே அளவு பழ ஈக் குரோமாட்டினைக் கலந்து, அதன் ரீட்களை அளவுகோலாக வைக்கும் வழக்கம் 2014 வாக்கில் வந்தது. ஆன்டிபாடி ஈயின் ஹிஸ்டோனையும் அதே வலுவில் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வால்கள் பெரும்பாலும் ஒன்றே என்பதால் அது பொதுவாக நடக்கும்.

புது டியூப் வந்த அன்றே 10 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து உறையவைத்துவிடுங்கள்; திரும்பத் திரும்ப உருக்குவது ஆன்டிபாடியைக் கொல்லும். கிளிசரால் 50 சதவீதம் உள்ளது என்றால் மைனஸ் 20இல் உறையாது, அப்படியே வைக்கலாம். பழைய லாட் தீர்வதற்கு முன் புது லாட்டை வாங்கி, ஒரே குரோமாட்டினில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். கேட்டலாக் எண்ணோடு லாட் எண்ணையும் நோட்டிலும் கட்டுரையின் செய்முறைப் பகுதியிலும் எழுதுங்கள். அந்த கே4மீ1 விவகாரத்தில் பழைய காலி டியூபைக் குப்பையில் போடாமல் வைத்திருந்த ஒரு மாணவியால்தான் எங்களுக்கு எது எந்த லாட் என்றே தெரிந்தது.